இருபது சொச்சம் பேர்: வர்ஜீனியாவில் ஆறு நாள்

முதல் நாள்: ஹாம்ப்டன்

இருபத்தாறு வருஷம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தினேன். அமெரிக்கா வரும் பாடத்தில் இந்த விஷயத்துக்கு இருந்தது ஒரே வரி. தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள், அவ்வளவுதான். ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான். "டீச்சர், கறுப்பா இருந்ததால அடிமை ஆக்கினாங்களா, இல்ல அடிமை ஆக்கின அப்புறம் கறுப்புன்னா மட்டம்னு சொன்னாங்களா?" அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கும் எனக்குத் தெரியாது, மறுநாளும் தெரியாது.

இப்போது பணி ஓய்வு பெற்று, பால்டிமோரில் இருக்கும் மகளிடம் வந்திருக்கிறேன். "எங்கம்மா போகணும், நயாகராவா?" என்று கேட்டாள். வர்ஜீனியா என்றேன். ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே கார் ஓட்டுகிறாள். ஒவ்வொரு நாள் இரவும் எழுதிப் போடுகிறேன்.

இன்று மதியம் ஹாம்ப்டன் வந்து சேர்ந்தோம். செசபீக் விரிகுடாவின் வாய்ப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் முனைக்குப் பாயிண்ட் கம்ஃபர்ட் என்று பெயர். அகழி சூழ்ந்த மன்றோ கோட்டை அங்கே பெரிதாக உட்கார்ந்திருக்கிறது. அது 1819இல் கட்டத் தொடங்கிய கோட்டை. நான் பார்க்க வந்த சம்பவம் நடந்தது அதற்குச் சரியாக 200 வருஷம் முன்பு.

1619 ஆகஸ்ட் கடைசியில் 'ஒயிட் லயன்' என்ற ஆங்கிலக் கப்பல் இங்கே வந்து நின்றது. டச்சுக்காரர்கள் கொடுத்த அனுமதிச் சீட்டோடு எதிரி நாட்டுக் கப்பல்களைக் கொள்ளையடிப்பது அதன் பிழைப்பு. ஆப்பிரிக்காவின் லுவாண்டாவில் சுமார் 350 பேரை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவின் வேராகுரூஸ் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு போர்ச்சுகீசியக் கப்பலை, 'டிரெஷரர்' என்ற இன்னொரு கப்பலோடு சேர்ந்து காம்பேச்சி வளைகுடாவில் மடக்கி, ஆட்களைப் பறித்துக்கொண்டு வந்தது. இதைப் பற்றி, இங்கே குடியேறியிருந்த ஆங்கிலேயர் ஜான் ரோல்ஃப் லண்டனுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கப்பலில் வந்தது 'இருபது சொச்சம் நீக்ரோக்கள்' மட்டும்தான் என்றும், ஆளுநரும், குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் வணிக அதிகாரியும் அவர்களை உணவுப் பொருள் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறார்.

இருபது சொச்சம். சில்லறைக் கணக்கில் நாம் சொல்கிற அதே சொச்சம். இருபத்தொன்றா இருபத்தைந்தா என்று எண்ணி எழுதக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர்கள் யார் என்று இன்று ஓரளவு சொல்ல முடிகிறது. இன்றைய அங்கோலாவில் இருந்த ந்தோங்கோ அரசை 1618, 1619இல் போர்ச்சுகீசிய ஆளுநர் கூலிப்படையோடு சேர்ந்து சூறையாடினார். அப்போது பிடிபட்ட கிம்புந்து மொழிக்காரர்கள் இவர்கள். ஊரும் வயலும் சந்தையும் அரசனும் உள்ள நாட்டிலிருந்து வந்தவர்கள். பலர் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

1625இல் எடுத்த ஆள் கணக்கில், இந்தப் பகுதியில் வில்லியம் டக்கர் என்பவர் வீட்டில் அந்தோணி, இசபெல்லா, அவர்களுடைய குழந்தை வில்லியம் என்று மூன்று பேர் வருகிறார்கள். பெயர்களைப் படித்ததும் எனக்கு எங்கள் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. என் வகுப்பில் அந்தோணி இல்லாத வருஷமே கிடையாது. முத்துக்குளித்துறையிலும் லுவாண்டாவிலும் பெயர் வைத்தவர்கள் ஒரே போர்ச்சுகீசியர்கள்தான். ஹாம்ப்டனில் டக்கர் குடும்பத்தின் பழைய இடுகாடு இருக்கிறது. அந்தக் குழந்தை தங்கள் மூதாதை என்று அந்தக் குடும்பத்தார் நம்புகிறார்கள். போனோம். புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 1861 மே மாதம், உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம், ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் படகேறி இதே கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். கோட்டையின் தளபதி பட்லர் அவர்களைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். இரண்டும் ஒரே மணல் முனையில் நடந்தவை. சூரியன் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் நாள்: ஜேம்ஸ்டவுன்

காலையிலேயே புழுக்கம். ஜேம்ஸ்டவுன் தீவில் பழைய குடியிருப்பு இருந்த இடத்துக்குப் பாலம் வழியாக நடந்து போனோம். இருபுறமும் சதுப்பு. 1607இல் ஆங்கிலேயர்கள் இறங்கிய இடம் இது. முதல் வருஷங்களில் பசியிலும் காய்ச்சலிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். நிலம் பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடி மக்களுடையது.

கூட்டம் முழுவதும் தேவாலயத்துப் பக்கம் இருந்தது. 1619 ஜூலையில் முதல் சட்டமன்றம் கூடிய இடம் அது. நாங்கள் நேராகக் கிழக்குப் பக்கம் போனோம். அங்கே காப்டன் வில்லியம் பியர்ஸின் வீட்டு மனை இருந்தது. 1625 கணக்கில் அந்த வீட்டு வேலையாட்களில் ஒருத்தியாக, 'டிரெஷரர்' கப்பலில் வந்த ஆஞ்செலா என்ற பெண் பதிவாகியிருக்கிறாள். வயது இல்லை, ஊர் இல்லை. பெயரும் கப்பலும் மட்டும் இருக்கின்றன. இருபது சொச்சம் என்று எழுதிய ரோல்ஃப், இந்தப் பியர்ஸின் மகளைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் வீடு. அந்த மனையைத் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் தினமும் நடந்த தரை இது என்று நினைத்துக்கொண்டு வேலி ஓரமாக நின்றேன்.

சரி, இவள் அடிமையா? அங்கே இருந்த வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. வாங்கப்பட்டாள், விற்கப்பட்டாள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 'அடிமை' என்பதற்கு வர்ஜீனியாவில் அப்போது சட்டம் எதுவும் இல்லை. ஆப்பிரிக்கர்கள் பலர் சாகும்வரை உழைத்தார்கள். சிலர் சில வருஷம் உழைத்து விடுதலை ஆனார்கள், நிலம்கூட வாங்கினார்கள்.

வயலில் அப்போது பெரும்பாலும் உழைத்தவர்கள் இங்கிலாந்தின் ஏழைகள். கப்பல் கட்டணத்துக்குப் பதிலாக நான்கு முதல் ஏழு வருஷம் உழைப்பதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தக் கூலிகள். நம் ஊரிலிருந்து மொரீசியசுக்கும் ஃபிஜிக்கும் போனவர்கள் பிற்காலத்தில் கைநாட்டு வைத்தது இந்த மாதிரி காகிதத்தில்தான். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது புகையிலை. 1612 வாக்கில் ரோல்ஃப் கரீபியன் பக்கத்து விதையைக் கொண்டுவந்து நட்டார். லண்டனில் விலை போயிற்று. நாற்று நட, கிள்ள, புழு எடுக்க, அறுத்துத் தொங்கவிட என்று வருஷம் முழுக்க ஆள் வேண்டும். ஓர் ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் நிலம் என்று 1618இல் கம்பெனி அறிவித்தது. ஆள் கொண்டுவந்தவனுக்கு உழைப்பும் கிடைத்தது, நிலமும் கிடைத்தது.

அந்த நிலப் பட்டியல் ஒன்றில், 1635இல், ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் தான் கொண்டுவந்த ஆட்களின் பெயர்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பெயர், 'கிழக்கிந்தியன் டோனி'. என் மகள் இதைப் படித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டோனியும் அந்தோணிதான். எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினான் என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. அவனும் 50 ஏக்கருக்கு ஒரு தலை.

கிளம்பும்போது ஜான் பஞ்ச் பற்றி வழிகாட்டி சொன்னார். 1640இல் ஒரே எஜமானரிடமிருந்து மூன்று வேலையாட்கள் மேரிலாந்துக்கு ஓடிப் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாவது ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர். மூவருக்கும் 30 சவுக்கடி. மற்ற இருவருக்கும் கூடுதலாக நான்கு வருஷ ஊழியம். பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுவதும். மூவரும் செய்தது ஒரே குற்றம். பஞ்சுக்கு ஏன் வேறு தண்டனை என்று தீர்ப்பில் ஒரு காரணமும் எழுதவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் காரணம் எழுத வேண்டியதில்லை போலும்.

மூன்றாம் நாள்: வடக்கு நீள்முனை

நல்ல மழை. மகள் இன்றைக்கு ஓய்வு எடுக்கலாம் என்றாள். நான் பிடிவாதமாகக் கிளம்பச் சொன்னேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான பெண் நார்தம்பர்லாண்ட் கவுண்டியில்தான் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருந்தாள். பொடோமாக் ஆற்றுக்கும் ராப்பஹானக் ஆற்றுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் நிலம் இது. வழியெல்லாம் சோள வயல்களும் பைன் மரங்களும்தான். ஃபிளாஸ்கில் காபியும் டப்பாவில் புளிசாதமும் இருந்தன.

எலிசபெத் கீ. 1630 வாக்கில் பிறந்தவள். அப்பா தாமஸ் கீ ஆங்கிலேயர், சட்டமன்ற உறுப்பினர். அம்மா ஆப்பிரிக்கப் பெண். அம்மாவின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. குழந்தை என்னுடையது இல்லை என்று கீ முதலில் மறுத்துப் பார்த்தார். உள்ளூர் நீதிமன்றம் அபராதம் போட்டது. பிறகு குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வித்து, 1636இல் அவளை ஞானத்தகப்பனாரிடம் ஒப்படைத்தார். ஒன்பது வருஷம் வேலை செய்யட்டும், அப்புறம் அவள் சுதந்திரம் என்று பேச்சு. அதே வருஷம் கீ இறந்துபோனார்.

ஒன்பது வருஷம் முடிந்தது, யாரும் விடவில்லை. கைமாறி இந்தக் கவுண்டியில் கர்னல் ஜான் மாட்ரமிடம் வந்து சேர்ந்தாள். 1655இல் மாட்ரம் இறந்ததும் சொத்தைக் கணக்கெடுத்தவர்கள் அவளையும் அவள் குழந்தையையும் சொத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அப்போதுதான் அவள் வழக்குப் போட்டாள். வழக்காடியது வில்லியம் கிரின்ஸ்டெட். அவரும் ஒப்பந்தக் கூலியாக வந்தவர்தான், சட்டம் தெரிந்தவர், அந்தக் குழந்தையின் அப்பாவும் அவரே. வாதம் மூன்று. ஆங்கிலச் சட்டப்படி பிள்ளைக்குத் தகப்பன் நிலைதான். என் தகப்பன் சுதந்திரமானவன். நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள். சொன்ன வருஷமும் முடிந்து பத்து வருஷம் ஆகிறது. எண்பது வயதுக் கிழவி ஒருத்தி வந்து, இவள் கீயின் மகள்தான், எனக்குத் தெரியும் என்று சாட்சி சொன்னாள். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்து, மேலே தோற்று, சட்டமன்றக் குழுவரை போய், 1656இல் எலிசபெத் விடுதலை ஆனாள். கிரின்ஸ்டெட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

இங்கே நிறுத்திவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் ஆறு வருஷம் கழித்து, 1662 டிசம்பரில், வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆங்கிலேயனுக்கு நீக்ரோப் பெண்ணிடம் பிறந்த பிள்ளைகள் அடிமையா சுதந்திரமானவர்களா என்று சந்தேகம் எழுந்திருப்பதால், இனி இந்தக் காலனியில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தாயின் நிலைதான். எலிசபெத்தின் வழக்குதான் இதற்குத் தூண்டுதல் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 1667இல் அடுத்த ஓட்டையையும் அடைத்தார்கள்: ஞானஸ்நானம் பெறுவதால் ஒருவரின் அடிமை நிலை மாறாது. அவள் எந்த இரண்டு கதவுகள் வழியாக வெளியே வந்தாளோ, அந்த இரண்டையும் அவளுக்குப் பின்னால் வருபவர்களுக்குப் பூட்டிவிட்டார்கள்.

தாய் வழி என்று கேட்கும்போது பெண்ணுக்கு மதிப்புக் கொடுத்த மாதிரி தோன்றும். அதன் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். அடிமைப் பெண்ணிடம் எஜமானன் என்ன செய்தாலும் அவனுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. பிறக்கும் குழந்தையும் அவன் சொத்துக் கணக்கில் ஏறும். தன் ரத்தத்தையே விற்கலாம். ஆங்கில நாட்டில் காலம்காலமாக இருந்த தகப்பன் வழிச் சட்டத்தை, லாபத்துக்காக, ஒரு நிறத்துப் பெண்களுக்கு மட்டும் தலைகீழாகத் திருப்பினார்கள். காரில் இதைச் சொல்லி முடித்தபோது மகள் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. வைப்பர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள்: சர்ரி

ஜேம்ஸ்டவுனிலிருந்து ஆற்றைக் கடக்க இலவசப் படகுப் போக்குவரத்து இருக்கிறது, காரோடு ஏறிக்கொள்ளலாம். கால் மணி நேரம். கடற்பருந்துகள் கம்பங்களின் மேல் கூடு கட்டியிருக்கின்றன.

அக்கரையில் சர்ரி கவுண்டி. 1665இல் கட்டிய செங்கல் மாளிகை ஒன்று நிற்கிறது. பேக்கன் அங்கே வாழ்ந்ததில்லை, ஆனாலும் அதன் பெயர் பேக்கன்ஸ் காசில். 1676இல் ஆளுநருக்கு எதிராக நத்தானியேல் பேக்கன் நடத்திய கலகத்தில் அவன் ஆட்கள் அதைக் கைப்பற்றித் தங்கியிருந்தார்கள். பேக்கனை வீரனாகக் கொண்டாடுபவர்கள் உண்டு. என்னால் முடியாது. பூர்வகுடி மக்களைத் தாக்க ஆளுநர் பெர்க்லி அனுமதிக்கவில்லை என்பதில்தான் அவன் கலகமே தொடங்கியது. நட்பாக இருந்த கிராமங்களைக்கூட அழித்தான். ஆனால் அவனோடு சேர்ந்தவர்கள் கதை வேறு. ஒப்பந்தம் முடிந்தும் நிலம் கிடைக்காத வெள்ளைக்காரர்கள், விடுதலை தருவதாகச் சொன்னதை நம்பி வந்த அடிமைகள், கூலிகள் எல்லோரும் ஒன்றாக ஆயுதம் ஏந்தி நின்றார்கள். செப்டம்பரில் ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார்கள். அக்டோபரில் பேக்கன் வயிற்றுக்கடுப்பில் செத்தான். கடைசிவரை சரணடைய மறுத்து நின்றவர்கள் சுமார் 80 கறுப்பர்கள், 20 ஆங்கிலேயர்கள். கிராந்தம் என்ற கப்பல் தலைவன் ஆசை வார்த்தை சொல்லிப் படகில் ஏற்றி, பீரங்கிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி ஆயுதங்களைப் பிடுங்கினான்.

அந்த நூறு பேரைப் பார்த்துத் தோட்ட முதலாளிகள் பயந்தது உண்மை. 1680இல் சட்டம் வந்தது. அடிமை தடிகூட வைத்திருக்கக் கூடாது, சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இந்தக் கலகத்தால்தான் இனவெறியே பிறந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நேற்று எலிசபெத் கதையைப் பார்த்தவர்களுக்கு அது ஒத்துவராது. தாய் வழிச் சட்டம் அதற்கு முன்னாலேயே, 1662இல் வந்துவிட்டது. கலகம் நடந்த சமயத்தில் வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. இங்கிலாந்திலிருந்து கூலி ஆட்கள் வருவது குறைந்தது. 1672இல் அடிமை வணிகம் செய்யும் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியை லண்டனில் ஆரம்பித்தார்கள். 1671இல் பெர்க்லி அனுப்பிய அறிக்கைப்படி 40,000 பேரில் கறுப்பு அடிமைகள் 2,000, வெள்ளைக் கூலிகள் 6,000. அடுத்த முப்பது வருஷத்தில் இந்தக் கணக்கு புரண்டுவிட்டது.

இந்தப் பக்கம் நிலக்கடலைக்குப் பெயர் போனது. சாலையோரக் கடையில் வறுத்த கடலை வாங்கினோம். பேச்சுவழக்கில் இதற்கு 'கூபர்' என்று ஒரு பெயர் உண்டு என்று கடைக்காரப் பெரியம்மா சொன்னார். கிம்புந்து, கொங்கோ மொழிகளில் கடலைக்கு 'ங்கூபா'. அந்தக் கப்பல்களில் வந்த சொல் நானூறு வருஷமாக வாயில் நிற்கிறது.

ஐந்தாம் நாள்: வில்லியம்ஸ்பர்க்

1699இல் தலைநகரை இங்கே மாற்றினார்கள். இன்றைக்குப் பழைய கட்டடங்களைத் திருப்பிக் கட்டி, 18ஆம் நூற்றாண்டு உடை போட்ட ஆட்களோடு ஊரையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் மூன்று முனைத் தொப்பி வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். புரட்சிக் காலத்தில் இந்த ஊரில் பாதிப்பேர் அடிமைகள். அவர்களுடைய கதையையும் இப்போது சொல்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது சட்டமன்றக் கட்டடத்தை. திருப்பிக் கட்டியதுதான். ஆனாலும் அந்த மர இருக்கையில் உட்கார்ந்து, நோட்டில் குறித்து வைத்திருந்த சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

1669: அடிமை எதிர்க்கும்போது எஜமானன் அடித்து அவன் செத்துப்போனால் அது கொலைக் குற்றம் ஆகாது. தன் சொத்தைத் தானே அழிக்க எவனும் வேண்டுமென்று நினைக்க மாட்டான் என்பது அதற்குச் சொன்ன நியாயம்.

1691: வெள்ளையர் எவராவது கறுப்பரையோ பூர்வகுடியினரையோ கல்யாணம் செய்தால் மூன்று மாதத்துக்குள் நாடு கடத்தல். அதுவரை 'கிறிஸ்தவர்', 'ஆங்கிலேயர்' என்றே எழுதிவந்த சட்டத்தில் 'வெள்ளை' என்ற சொல் ஏறுகிறது. ஞானஸ்நானம் பெற்ற ஆப்பிரிக்கர்கள் பெருகியபின் 'கிறிஸ்தவர்' என்ற சொல் வேலி போடப் பயன்படவில்லை. அதனால் மாற்ற முடியாத ஒன்றாக, தோலைப் பிடித்துக்கொண்டார்கள்.

1705: எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்த பெரிய சட்டம். ஒப்பந்தம் முடிந்து போகும் வெள்ளைக் கூலி ஆணுக்குப் பத்து புஷல் (தானிய அளவு) சோளம், 30 ஷில்லிங், 20 ஷில்லிங் பெறுமான துப்பாக்கி கொடுத்து அனுப்ப வேண்டும். வெள்ளைக் கிறிஸ்தவக் கூலியை நீதிபதி உத்தரவில்லாமல் ஆடை களைந்து அடிக்கக் கூடாது. அடிமைகள் இனி அசையாச் சொத்து, நிலம் போல வாரிசுக்குப் போவார்கள். அதுவரை அடிமைகள் சிலர் சொந்தமாகப் பன்றியும் மாடும் வளர்த்துவந்தார்கள். அவற்றைப் பிடுங்கி விற்று, பணத்தை அந்தந்தத் திருச்சபை வட்டாரத்து ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னது சட்டம்.

இந்தக் கடைசி விஷயம் என்னை உலுக்கிவிட்டது. முதலாளி தன் பையிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. கறுப்பு ஏழையின் பன்றியைப் பிடுங்கி வெள்ளை ஏழையின் கையில் கொடுத்தான். அன்று முதல் அந்த வெள்ளை ஏழைக்குத் தன் நிறம் சோறு போடுகிற விஷயம் ஆகிவிட்டது.

1723இல், சுதந்திரமாக இருந்த கறுப்பர்களிடமிருந்தும் ஓட்டுரிமையைப் பறித்தார்கள். சுதந்திர மனிதனிடமிருந்து ஏன் பறித்தீர்கள் என்று லண்டனிலிருந்து கேள்வி வந்தது. 1736இல் ஆளுநர் கூச் அனுப்பிய பதிலின் சாரம்: விடுதலையான நீக்ரோக்கள்மீது அழியாத முத்திரை ஒன்றைக் குத்தவே அப்படிச் செய்தோம். மறைக்கவே இல்லை. தெரிந்து, திட்டம் போட்டு, எழுதியும் கொடுத்திருக்கிறார்.

கிழக்கிந்தியன் டோனிக்குப் பிறகு வந்த இந்தியர்களும் இந்தச் சட்டங்களுக்குள்தான் வந்து விழுந்தார்கள். கறுப்பர், கலப்பினத்தார் என்று எழுதப்பட்டார்கள். விடுதலை கேட்டு வழக்குப் போட்டவர்களும் உண்டு. இந்த வணிகத்தில் நம் பக்கத்துக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் நெய்த துணியை ஐரோப்பியக் கம்பெனிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் ஆட்களுக்கு விலையாகக் கொடுத்தன. தறியில் உட்கார்ந்தவருக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்காது. எனக்கும் இத்தனை வருஷம் தெரியாது.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ. அவனுக்கு இன்று என்னால் சொல்ல முடிவது இதுதான். ஏளனம் முதலிலேயே இருந்ததப்பா, ஜான் பஞ்ச் தீர்ப்பில் அது தெரிகிறது. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் அதற்கு நூறு வருஷம் முன்பே ஆப்பிரிக்கர்களை விற்றுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பார்வை ஆங்கிலேயருக்கும் வந்திருந்தது. ஆனாலும் வர்ஜீனியாவில் நாற்பது வருஷம் கதவு முழுக்கச் சாத்தாமல் இருந்தது. புகையிலைக்கு ஆள் வேண்டியிருந்தபோது, சட்டம் போட்டுப் போட்டு அந்த ஏளனத்தைப் பரம்பரை ஆக்கினார்கள்.

ஆறாம் நாள்: கிழக்குக் கரை

விரிகுடாவைக் கடக்கும் பாலம் சுமார் 28 கிலோமீட்டர், நடுவில் இரண்டு இடத்தில் கடலுக்கடியில் சுரங்கமாக இறங்குகிறது. அக்கரையில் ஈஸ்ட்வில் என்ற சின்ன ஊர். 1632இல் தொடங்கி விடுபடாமல் வரும் நீதிமன்றப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. அமெரிக்காவிலேயே தொடர்ச்சியாக இருக்கும் மிகப் பழைய பதிவேடுகள் அவை. அந்தக் கால எழுத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. அதில் இருக்கும் மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும்.

'அந்தோனியோ என்ற நீக்ரோ', 1621இல் வந்தவர். அடுத்த வருஷம் பூர்வகுடிகளின் தாக்குதலில் அவர் இருந்த தோட்டத்தில் பெரும்பாலோர் இறந்தபோது பிழைத்தவர். பின்னாளில் வந்த மேரியைக் கல்யாணம் செய்து, எப்படியோ விடுதலையாகி, அந்தோணி ஜான்சன் ஆனார். 1640களில் ஒரு சோள வயல் தகராறில் அந்தோணி சொன்னதாக ஒரு வாக்கியம் பதிவாகியிருக்கிறது: இனி என் நிலம் எதுவென்று எனக்குத் தெரியும், எனக்கு இஷ்டப்பட்டபோது வேலை செய்வேன், இஷ்டப்பட்டபோது விளையாடுவேன். 1651இல் பங்கோடீக் ஓடைக்கரையில் அவருக்கு 250 ஏக்கர். 1653இல் வீடு தீப்பிடித்தது. ஆப்பிரிக்கப் பெண்களுக்கு மட்டும் தலைவரி போட்டு 1643இல் ஒரு சட்டம் வந்திருந்தது. தீயில் இழந்ததைப் பார்த்து நீதிமன்றம் மேரியையும் அவளுடைய இரண்டு மகள்களையும் அந்த வரியிலிருந்து ஆயுளுக்கும் விலக்கியது. அக்கம்பக்கத்தில் மதிப்பாக வாழ்ந்திருக்கிறார்கள்.

அவரிடம் ஜான் கேசர் என்ற கறுப்பர் வேலை செய்தார். என் காலம் முடிந்துவிட்டது, என்னை விடு என்று கேட்டார். விடவில்லை. 1655இல் நீதிமன்றம் கேசரை ஆயுளுக்கும் ஜான்சனிடமே ஒப்படைத்தது. இதைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவின் முதல் அடிமை முதலாளியே ஒரு கறுப்பர்தான் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். ஜான் பஞ்ச் அதற்குப் பதினைந்து வருஷம் முந்தியவர், எனவே அது பொய். ஆனாலும் கேசருக்கு நடந்தது அநியாயம், அதை மூடவும் நான் விரும்பவில்லை.

1660களின் நடுவில் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1670இல் அந்தோணி இறந்தார். அந்த ஆகஸ்டில் வர்ஜீனியா நடுவர் குழு ஒன்று, அவர் விட்டுவந்த நிலம் அரசுக்கே சேரலாம் என்று முடிவு சொன்னது. காரணம்: அவர் ஒரு நீக்ரோ, ஆகையால் அந்நியர். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணில் உழைத்தவர், அதே நீதிமன்றத்தில் வழக்காடியவர், வரி கட்டியவர். 1640இல் காரணம் எழுதாமல் விட்டவர்களுக்கு 1670இல் எழுதக் காரணம் கிடைத்துவிட்டது.

மதியம் வடக்கே ஏறி மேரிலாந்தின் சாமர்செட் கவுண்டிக்கு வந்தோம். அந்தோணியின் பேரன் ஜான் 1677இல் இந்தப் பக்கம் 44 ஏக்கர் வாங்கினான். அதற்கு அவன் வைத்த பெயர் அங்கோலா. அவன் பார்த்தே இராத நாடு. தாத்தாவோ பாட்டியோ வீட்டில் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்திருக்க வேண்டும்.

விக்கோமிகோ ஓடைக்கருகே மகள் காரை நிறுத்தினாள். சோயா வயல், நாணல், ஒரு நீலக் கொக்கு. கைப்பேசி வரைபடத்தில் அங்கோலா என்று தட்டிப் பார்த்தாள். ஆப்பிரிக்காதான் வந்தது. "எந்தப் பக்கம் இருந்திருக்கும்மா?" என்று கேட்டாள். ஓடையின் இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் கிளம்பினோம்.